செலஸ்தின் எடுத்துப்போன தட்டு

வடக்கே, எங்கள் க்ரீ சனம் வாழும் நீர்க்காகம் ஏரிக்கரையில் செலஸ்தினின் வாய்க்குப் பயப்படாதவர்கள் இரண்டே பேர். ஒருவர் அவளுடைய புருஷன், அவர் செத்துப்போய்விட்டார். இன்னொருவன் அவளுடைய அண்ணன் அம்புரோஸ் செவாப். அவன் அவளோடு பேசுவதில்லை.

முப்பது வருஷத்துக்கு மேல் மீன் வெட்டும் கூடத்தில் நின்றவள் அவள். கத்தி கையில் இருந்தால்தான் பேச்சு நன்றாக வரும். மேனேஜராக வந்த வெள்ளைக்காரப் பையன் ஒருவன் ஒருநாள், "கொஞ்சம் சீக்கிரம் வெட்டுங்கம்மா" என்று சொல்லிவிட்டான். "உங்கம்மா வயித்துலேயும் இப்படித்தான் அவசரப்பட்டியா? அதான் பாதி மூளையோட வந்திருக்கே" என்றாள், மீனிலிருந்து கண்ணை எடுக்காமல். அந்தக் கோடையோடு அவன் ஊரைவிட்டுப் போனான்.

அதே செலஸ்தின்தான் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் முதல் பானையைத் தூக்கிக்கொண்டு போய் நிற்பவள். மூஸ் மான் கறியும் பேனக் ரொட்டியும் அவள் கையால் செய்ததென்றால் துக்க வீட்டில்கூடச் சண்டை போட்டுத் தின்பார்கள். ஆனால் ஒன்று மட்டும் அவள் செய்யக் கூடாது. செத்தவருக்கான விருந்தில் யாரும் வாய் வைப்பதற்கு முன், எல்லாவற்றிலும் ஒரு துண்டு எடுத்து ஒரு தட்டை நிரப்பி, வெளியே நெருப்புக்குக் கொண்டுபோய், செத்தவரின் பேரைச் சொல்லி உள்ளே போட வேண்டும். செத்தவர் சாப்பிட்ட பிறகுதான் இருப்பவர் சாப்பிடலாம். அந்தத் தட்டைச் செலஸ்தின் தொடக் கூடாது.

அது அம்புரோஸ் போட்ட தடை. ஊர் போட்டதல்ல. ஆனால் ஊரும் வாயை மூடிக்கொண்டு அதற்கு ஒத்துப்போனது.

அவளுடைய ஒரே மகன் ரேமண்ட் உறைபனி உடைந்து பனிவண்டியோடு ஏரிக்குள் மூழ்கிச் செத்த வருஷம், அவனுக்கான விருந்தை அவளே சமைத்தாள். தட்டை நிரப்பிக்கொண்டு வாசலுக்குத் திரும்பினாள். அம்புரோஸ் வழியில் நின்றான். கையை மட்டும் நீட்டினான். உள்ளே இருந்த கிழடுகள் எல்லாம் தரையைப் பார்த்தன. தன் வயிற்றில் பிறந்தவனுக்கு ஒரு வாய் போடக்கூட அவளுக்கு உரிமை இல்லை. யாரையும் விட்டுவைக்காத அந்த வாய் அன்று திறக்கவில்லை. தட்டை அவன் கையில் கொடுத்துவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய் விறகு பிளந்தாள். தேவைக்கு மேலேயே பிளந்தாள்.

ஏனென்றால் அண்ணன் சொல்வது உண்மையாக இருக்குமோ என்ற பயம் அவளுக்கே இருந்தது. தன் அம்மாவைக் கொன்றது தான்தானோ என்று ஆறு வயதில் தொடங்கிய பயம் அது.

அந்த ஆறாவது வயதில்தான் அரசாங்கத்து ஆட்கள் அவளை, பாதிரிமார் எங்கள் பிள்ளைகளை அடைத்துவைத்து நடத்திய பள்ளிக்கூடத்துக்குத் தூக்கிப்போனார்கள். படகு வருவதற்கு முன் அம்மா மாதலேன் அவள் தலையை வாரி, இரண்டு பின்னலாக, வலிக்க வலிக்க இறுக்கிப் பின்னிவிட்டாள். பள்ளியில் இறங்கிய அன்றே கன்னியாஸ்திரி ஒருத்தி அந்தப் பின்னல் இரண்டையும் கத்தரியால் வெட்டி வாளியில் போட்டாள்.

எங்கள் சனம் எப்போது முடியை வெட்டும் என்பது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். வீட்டில் சாவு விழுந்தால் வெட்டும். கைக்குழந்தை ஒன்று போனபோது அம்மா தன் பின்னலை அறுத்துக் குழியில் வைத்ததைச் செலஸ்தின் பார்த்திருக்கிறாள். ஆகவே வாளியில் கிடந்த தன் முடியைப் பார்த்ததும் அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. அம்மா செத்துவிட்டாள். இவர்கள் அதை இப்படித்தான் சொல்கிறார்கள்.

யாரிடம் கேட்பது? அவளுக்கு ஆங்கிலம் தெரியாது. க்ரீ மொழியில் வாயைத் திறந்தால் அடி. அம்புரோஸ் அவளைவிட மூன்று வயது மூத்தவன், ஏற்கெனவே இரண்டு வருஷம் அங்கே கிடந்தவன். பையன்களுக்கும் பெண்களுக்கும் நடுவில் கம்பி வேலி. ஒருநாள் வேலிக்கு அந்தப் பக்கம் அவன் தனியாக நிற்பதைக் கண்டு ஓடினாள்.

"அண்ணா, அம்மா செத்துட்டாளா?"

அவனுக்குத் தெரியும். வருகிற பிள்ளைகள் எல்லோருக்கும் மொட்டைதான் என்று தெரியும். 'இல்லை' என்ற ஒரு சொல் போதும். ஆனால் சற்றுத் தள்ளிப் பாதிரியார் ஒருவர் உலாவிக்கொண்டிருந்தார். அம்புரோஸ் அவளை ஒரு பார்வை பார்த்தான், திரும்பினான், போய்விட்டான்.

அவன் துக்கத்தில் பேச முடியாமல் போகிறான் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

அம்மாவுக்குச் சாப்பாடு போட வேண்டுமே. தன் பங்கு ரொட்டியில் பாதியை உடுப்புக்குள் ஒளித்துக் கொண்டுபோய், துணி துவைக்கும் கட்டடத்துக்குப் பின்னால் குப்பை எரியும் இடத்தில் போட்டு, "மாதலேன், சாப்பிடு" என்று சொல்வாள். அரைப்பட்டினி கிடந்து இலையுதிர் காலம் முழுக்க அம்மாவுக்கு ஊட்டினாள். கடைசியில் மாட்டிக்கொண்டாள். பிடித்த கன்னியாஸ்திரி அந்த ரொட்டியைச் சாம்பலிலிருந்து எடுத்து அவள் வாயில் திணித்தாள். பல்லில் சாம்பல் நறநறத்தது. அதற்குப் பிறகு செலஸ்தின் கருகிய ரொட்டியை வாழ்நாளில் வாயில் வைத்ததில்லை.

கோடையில் படகு ஊருக்குத் திரும்பியது. படகுத்துறையில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

செலஸ்தின் அலறினாள். மாதலேன் கையை விரித்துக்கொண்டு ஓடிவர, பிள்ளை படகின் மறுபக்கம் ஏரியில் குதிக்கப் போனது. செத்தவர்கள் திரும்பி வந்தால், இருப்பவரைத் தங்களோடு கூட்டிக்கொண்டு போகத்தான் வருவார்கள். நல்ல வார்த்தை சொல்லி, சாப்பாடு போட்டு அனுப்பிவிட வேண்டும். அன்று சாயங்காலம் மாதலேன் ஆசையாக மீன் பொரித்துப் பிள்ளைக்குத் தட்டில் வைத்தாள். பிள்ளை எழுந்து, அந்தத் தட்டை அப்படியே வெளியே அடுப்பு நெருப்பில் கொட்டி, "மாதலேன், சாப்பிட்டுப் போயிரு. எங்ககிட்ட வராதே" என்றது.

சொந்தக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உயிரோடு இருப்பவர் பேரைச் சொல்லி நெருப்பில் போடுவதா! அம்மாவின் முகம் செத்தே போனது. அம்புரோஸும் அங்கேதான் இருந்தான். நடந்ததை விளக்கிச் சொல்லக்கூடிய ஒரே ஆள் அவன். அவன் மீன் முள்ளை எடுத்துக்கொண்டிருந்தான்.

போகப்போக, அம்மாவின் கை சூடாக இருக்கிறது என்பதைப் பிள்ளை தொட்டுத் தொட்டுத் தெரிந்துகொண்டது. இரவில் அம்மா பக்கத்திலேயே படுத்தது. அதற்குள் கோடை முடிந்து, பள்ளிக்குத் திரும்பக் கொண்டுபோகப் படகு வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மாதலேனை இருமல் தின்றது. விமானத்தில் தெற்கே காசநோய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். அங்கேயே செத்தாள். எங்கே புதைத்தார்கள் என்று இன்றுவரை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை.

செய்தி வந்த அன்று அம்புரோஸ் தானாகவே வேலிக்கு வந்தான். பாதிரியார் அன்றும் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அன்று அவன் பயப்படவில்லை.

"அம்மா செத்துட்டா. நீ போட்ட தட்டுதான் அவளைக் கொண்டுபோச்சு."

செலஸ்தினுக்குத் துக்கத்துக்கு அறுக்கக்கூடத் தலையில் முடி இல்லை.

இது நடந்து அறுபது வருஷத்துக்கு மேல் ஆன பிறகு, செப்டம்பர் மாதக் கடைசியில், அந்தப் பள்ளிக்கூடத்திலிருந்து உயிரோடு மீண்டவர்களைக் கௌரவிக்க எங்கள் ஊரில் விழா எடுத்தார்கள். விழாக் கமிட்டியில் இருந்ததெல்லாம் இளசுகள். அதில் ட்ரிஷா என்று ஒருத்தி. நல்ல பெண், துடியானவள், பழைய கதை எதுவும் தெரியாது.

"செலஸ்தின் அத்தை, நெருப்புக்குத் தட்டு எடுத்துட்டுப் போக உங்களத்தான் போட்டிருக்கோம்" என்று போனில் சொன்னாள்.

"யாரு என் பேரைச் சொன்னது?"

"நான்தான். ஊருக்கெல்லாம் சமைக்கிறீங்க. உங்களவிட்டா வேற யாரு?"

"அத்தை, இருக்கீங்களா?" என்று ட்ரிஷா இரண்டு தடவை கேட்டாள்.

"இருக்கேன். எங்கே போவேன்? சரி, எடுத்துட்டுப் போறேன்."

அன்று முழுக்க அவள் யாரையும் திட்டவில்லை என்று பக்கத்து வீட்டுக்காரி பிறகு எல்லோரிடமும் சொல்லிக்கொண்டு திரிந்தாள். அம்மாவுக்கு ஒரு தட்டு. நெருப்பின் முன் நின்று, மறைந்தும் ஒளிந்தும் இல்லாமல், சத்தமாக அம்மாவின் பேரைச் சொல்ல வேண்டும். ரேமண்டின் பேரையும் சொல்ல வேண்டும். வேறு எதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை. தட்டில் வைக்க ஏரி மீனை அவளே பொரித்தாள், அம்மா பொரித்த மாதிரியே, மாவு தூவாமல்.

விழா நாளில் தூறல் போட்டது. அந்தப் பள்ளிப் பிள்ளைகளின் நினைவாக எல்லோருக்கும் ஆரஞ்சு நிறச் சட்டை கொடுத்தார்கள். வந்ததெல்லாம் ஒரே அளவு, மலைபோல் இருப்பவனுக்கு உரிய அளவு. எலும்பும் தோலுமான கிழவிகள் அதற்குள் புகுந்துகொண்டு, "பள்ளிக்கூடத்துல சின்னது குடுத்தான், இப்போ பெருசு குடுக்கிறான், நம்ம அளவு மட்டும் இவனுங்களுக்குத் தெரியவே மாட்டேங்குது" என்று சிரித்தார்கள். தலைநகரத்திலிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். ஓர் ஆயர் வந்திருந்தார். அதிகாரி ஒருவர் பேரையும் ஒழுங்காக உச்சரிக்கவில்லை, ஆனால் ஒவ்வொரு பேருக்கும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மீண்டவர்களின் தோளில் மரியாதைக்கு நட்சத்திரம் தைத்த போர்வை போர்த்தினார்கள். பிறகு அவர்கள் சார்பில் பேச அம்புரோஸைக் கூப்பிட்டார்கள். அவனுக்குக் குரல் நல்ல குரல். கைத்தடியை ஊன்றிக்கொண்டு மைக்கைப் பிடித்தான்.

"அவங்க என் நாக்கைப் பிடுங்கினாங்க. என் முடியை வெட்டினாங்க. சின்னப் பிள்ளைங்களா இருந்தோம், எங்களுக்கு என்ன தெரியும்? பயத்துல என்னென்னமோ செஞ்சோம். எல்லாத்தையும் மன்னிச்சுட்டேன். மன்னிக்காம செத்தா என் ஆவி எப்படி வீடு போய்ச் சேரும்?"

ஊரே அழுதது. ஆயர் எழுந்து வந்து அவனைக் கட்டிக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். முன்வரிசையில் போர்வையும் தோளுமாக உட்கார்ந்திருந்த செலஸ்தின்கூட ஒரு கணம் நம்பிவிட்டாள். எல்லாத்தையும் என்றானே, அதில் நானும் அடக்கம்தானே என்று அந்தக் கிழட்டு மனசு தாவியது.

ட்ரிஷா தட்டைக் கொண்டுவந்து அவள் கையில் கொடுத்தாள். முரசுக்காரர்கள் எழுந்தார்கள். செலஸ்தின் நெருப்பை நோக்கி நடந்தாள்.

அம்புரோஸ் இன்னும் மைக்கை வைக்கவில்லை.

"அதை அவகிட்டே குடுக்காதீங்க."

ஒலிபெருக்கி அதை ஏரி வரைக்கும் கொண்டுபோனது.

"என்ன மாமா?" என்றாள் ட்ரிஷா.

"அம்மா உயிரோட இருக்கையிலேயே தட்டுப் போட்டு அனுப்பினவ இவ. பெத்தவளைத் தின்ன கை அது. அதால செத்தவங்களுக்குப் போட்டா யாரு சாப்பிடுவா? வாங்குங்க அதை."

தெரிந்த கிழடுகள் பழைய பழக்கப்படி தரையைப் பார்த்தன. தெரியாத இளசுகள் செலஸ்தினைப் பார்த்தன. அதிகாரி தன் பக்கத்தில் இருந்தவரிடம் என்ன சொல்கிறார் என்று கேட்டார். அவர் "சடங்கு" என்றார்.

வேலியைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அங்கேயே, அந்த மைக்கையே பிடுங்கி, நான் கேட்டபோது நீ ஏன் திரும்பிப் போனாய் என்று கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் ஊர் அவள் பக்கம் நின்றிருக்கும். அவளுக்கு அது வேண்டியிருக்கவில்லை. அவள் உடம்பு முழுக்க ஆத்திரம். மன்னித்துவிட்டானாம். முடி வெட்டியவளை மன்னித்துவிட்டான், சாம்பலைத் தின்ன வைத்தவளை மன்னித்துவிட்டான், ஆறு வயதுத் தங்கச்சியை மட்டும் மன்னிக்கவில்லை.

அவள் நிற்காமல் நடந்தாள். நெருப்பைக் காப்பவன் வழிமறிக்கவும் தெரியாமல் விலகவும் தெரியாமல் நின்றான்.

"பேர் சொல்லுங்க அத்தை" என்றான் மெதுவாக.

அம்மாவின் பேரைச் சொல்ல அவளுக்கு அறுபது வருஷத்தில் கிடைத்த ஒரே இடம் அது. ரேமண்டின் பேரும் நாக்கு நுனியில் இருந்தது. தட்டை நெருப்புக்கு மேல் தூக்கிப் பிடித்தாள். திரும்பி அண்ணனைப் பார்த்தாள்.

"அம்புரோஸ் செவாப்" என்றாள் சத்தமாக. "சாப்பிடு."

தட்டை உள்ளே கவிழ்த்தாள்.

முரசுக்காரர்கள் கோலைத் தாழ்த்தினார்கள். ஒரு கிழவி வாயைப் பொத்திக்கொண்டாள். அம்புரோஸின் முகம் வெளிறிப்போவதை எல்லோரும் பார்த்தார்கள். அவன் நாற்காலியைத் தேடிக் கையைத் துழாவினான்.

"என் கைக்கு அவ்வளவு சக்தின்னா பாத்துருவோம்" என்றாள் செலஸ்தின். "நீ செத்துட்டா, நீ சொன்னது நெஜம். நீ சாகலேன்னா உன் வாய்ல நான் மண்ணைப் போடுறேன்."

பொரித்த மீன் வாசனை எழுந்தது. அதிகாரி சடங்கு முடிந்துவிட்டது என்று நினைத்துக் கைதட்டினார். கூட வந்தவர்களும் தட்டினார்கள்.

ட்ரிஷா அழுதுகொண்டே வேறொரு தட்டை நிரப்பினாள். அந்தப் பள்ளியில் செத்த நம் பிள்ளைகளுக்குப் போட வேண்டிய முதல் தட்டை ஒரு கிழவி தன் வெறிக்கு எரித்துவிட்டாளே என்று பலருக்குக் கோபம். அதில் நியாயம் இல்லாமலில்லை. போர்வையை மடித்து நாற்காலியிலேயே வைத்துவிட்டுச் செலஸ்தின் வீட்டுக்கு நடந்தாள். அன்று அவள் செய்த ரொட்டியை யாரும் தொடவில்லை.

அந்தக் குளிர்காலம் ஊருக்கு ஒரே வேடிக்கை. அம்புரோஸ் தும்மினால் கடையில் பேச்சு. பிங்கோ ஆட்டத்தில் செலஸ்தினின் இருபக்கமும் நாற்காலி காலி. "என்னடி, என் பக்கத்துல உக்காந்தா தட்டுப் போட்டுருவேனா? உன் மூஞ்சிக்கு ஒரு தட்டு வீண்" என்று கத்துவாள். யாரும் சிரிக்கவில்லை. வீட்டுக்கு வந்து ஜன்னலோரம் உட்காருவாள். ஏரி வளைவுக்கு அந்தப் பக்கம் அம்புரோஸின் வீடு. காலையில் அதன் புகைபோக்கியில் புகை வருகிறதா என்று பார்ப்பாள்.

பனி உச்சத்தில் இருந்தபோது அவனுக்கு நிமோனியா வந்தது. புகைபோக்கியில் புகை நின்றது. விமானம் வந்து அவனைத் தெற்கே கொண்டுபோனது, அம்மாவைக் கொண்டுபோன அதே தெற்கு. அவன் பிழைக்க வேண்டும் என்று செலஸ்தினைப்போல் வேண்டிக்கொண்டவர் ஊரில் வேறு யாருமில்லை. அவன் பெண்டாட்டி பிள்ளைகள்கூட அப்படி வேண்டியிருக்க மாட்டார்கள். பாசத்தால் அல்ல. அவன் செத்தால், ஆறு வயதில் அவள் செய்தது கொலை என்று ஆகிவிடும்.

"செத்துத் தொலையாதேடா நாயே" என்று ஜன்னலைப் பார்த்துச் சொல்வாள். "என்னை மாட்டிவிட்டுட்டுப் போயிராதே." சொல்லிவிட்டு அழுவாள். வேண்டுதலாக அடுப்பில் புகையிலையைத் தூவுவாள். மறுபடி திட்டுவாள். அவளுக்கும் நெஞ்சுவலி வந்தது அப்போதுதான்.

ஏரியின் உறைபனி உடைந்து தண்ணீர் தெரிந்த வாரத்தில் அவன் அவள் வீட்டு வாசலில் வந்து நின்றான். பாதி ஆளாக இருந்தான். மகள் டார்லீன் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். அறுபது வருஷத்தில் அந்தப் படியை அவன் மிதித்தது அன்றுதான்.

"நான் சாகலை" என்றான்.

"தெரியுது. நாத்தம் வருதே."

அவன் நின்றுகொண்டே இருந்தான். அவள் உட்காரச் சொல்லவில்லை. அடுப்பில் தேநீர் கொதித்துக்கொண்டிருந்தது.

"அப்போ அம்மா எதுல செத்தா? சொல்லு."

அவன் கைத்தடியைப் பார்த்தான். "நெஞ்சு நோயில."

"எப்பலேருந்து உனக்குத் தெரியும்?"

"எல்லாருக்கும்தான் தெரியும்."

"எனக்குத் தெரியாதுடா. நீ சொன்னதுதான் எனக்குத் தெரியும்." அவள் குரல் உயரவில்லை. அதுதான் அவனைக் கொன்றது. "வேலிகிட்ட வந்து உன்னைக் கேட்டேன். ஒரு வார்த்தை, அண்ணா. ஒரே ஒரு வார்த்தை."

"பாதிரி பாத்துட்டு இருந்தான்."

அவ்வளவுதான் சொன்னான். அறுபது வருஷத்துக்கும் சேர்த்து அதுதான் கணக்கு. ஒன்பது வயதுப் பையன் முதுகில் விழப்போகும் பிரம்பை நினைத்துத் திரும்பிப் போனான். தான் திரும்பிப் போனதைத் தாங்க முடியாமல் பழியைத் தூக்கித் தங்கச்சியின் தலையில் வைத்தான். வைத்ததை இறக்க அவனுக்குத் தைரியம் வரவே இல்லை. நினைத்தால் அவன்மேலும் இரக்கம் வருகிறது. வந்து என்ன செய்ய?

அவன் தேநீர்க் கெண்டியை ஒருமுறை பார்த்தான். அவள் எழுந்து அடுப்பை அணைத்தாள். அவன் படியிறங்கிப் போனான்.

அதற்குப் பிறகு நான்கு குளிர்காலம் இருந்தான். தினமும் புகை வந்தது. தினமும் அவள் பார்த்தாள். ஒருநாள் தூக்கத்திலேயே போய்விட்டான், நல்ல சாவு. செலஸ்தின் தன் நரைத்த பின்னலை அடியோடு அறுத்து, பக்கத்து வீட்டுக்காரி கையில் கொடுத்து அவன் பெட்டியில் வைக்கச் சொல்லி அனுப்பினாள். அழுதாள் என்றும் சொல்கிறார்கள்.

விருந்து நாளில் டார்லீன் வந்தாள். கையில் நிரம்பிய தட்டு, மேலே துணி மூடியிருந்தது.

"அத்தை, அப்பா கடைசியா ஒண்ணு சொன்னார். அவருக்கான தட்டை நீங்கதான் எடுத்துட்டுப் போகணுமாம். வேற யாரும் தொடக் கூடாதாம். எல்லாரும் நெருப்புகிட்டே காத்துட்டு இருக்காங்க. வாங்க."

செலஸ்தின் துணியைத் தூக்கிப் பார்த்தாள். மூஸ் மான் கறி, ரொட்டி, நீலப்பழம், மாவு தூவாமல் பொரித்த மீன். வெட்டிய தலையைத் தடவிக்கொண்டாள். துணியை மறுபடி மூடினாள்.

"எடுத்துட்டுப் போம்மா, ஆறிடப்போகுது" என்றாள். "அவனுக்கு நான் எப்பவோ போட்டாச்சு."